1940 ஃபோர்டு டெலிவரி வண்டியின் பாடியை எஸ்-10 சேசிஸில் ஏற்றுவது குறித்து

கேள்வி

1940ஆம் ஆண்டின் ஃபோர்டு செடான் டெலிவரி (கார் வடிவிலான சரக்கு வண்டி) ஒன்றின் பாடி மட்டும், சேசிஸும் (அடிச்சட்டம்) எஞ்சினும் இல்லாமல், என் கைக்கு வந்துள்ளது. அதைச் செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பின் சேசிஸில் ஏற்றி, முன்பக்கம் ஃபோர்டின் மஸ்டாங் 2 காரின் சஸ்பென்ஷனும் பின்பக்கம் ‘ஃபோர்டு 9 அங்குலம்’ எனப்படும் ஆக்சிலும் பொருத்த எண்ணியுள்ளேன். பார்வைக்காக மட்டுமன்றி, சரக்கு ஏற்றி ஓட்டவும் விரும்புகிறேன். இத்தனை வண்டிகளின் பாகங்களைக் கலப்பது சரியா? வேலையை எங்கே தொடங்க வேண்டும்?

முதல் பதில்

அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பாடி 112 அங்குல வீல்பேஸுக்காகச் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) செய்யப்பட்டது. முதல் தலைமுறை எஸ்-10இல் குட்டையான சேசிஸ் 108.3 அங்குலம், அடுத்தது 117.9 அங்குலம். ஆகவே ஒன்றை நீட்டவோ மற்றொன்றைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காது, அந்தப் பிழையை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது. வெட்டுவதாயின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களுக்கு அருகே வெட்டாமல், நடுவிலுள்ள நேரான பகுதியில் வெட்டி, உட்புறம் தகடு வைத்து வலுப்படுத்தி, தேர்ந்த வெல்டரிடம் ஒப்படையுங்கள்.

மஸ்டாங் 2 எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எஸ்-10இன் முன்பக்கத்தில் தனித்தியங்கும் சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, ஒரு சிறிய காருக்காக வடிவமைத்த முன்பகுதியைச் சரக்கு வண்டிக்குப் பொருத்துவது வீண் செலவு. பாடி ஒரு வண்டியினுடையதாகவும் சேசிஸ் இன்னொன்றினுடையதாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங், பிரேக் போன்ற ஒவ்வோர் அமைப்பும் முழுமையாக ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும் என்பது என் கருத்து. எஸ்-10இன் வீல் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 120.65 மில்லிமீட்டர், கார்களில் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் பெரும்பாலும் 114.3. ஆக்சிலை அப்படியே மாட்டினால் முன்சக்கரம் பின்னால் ஏறாது, ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது.

இரண்டாவது பதில்

ஆக்சில் விஷயத்தில் மட்டும் மேலே சொன்னதிலிருந்து மாறுபடுகிறேன். 9 அங்குல ஆக்சில் உறுதியானது. ஆக்சில் ஷாஃப்ட்டையும் டிரம்மையும் வேறு போல்ட் வட்டத்துக்கு மாற்றித் தருபவர்களும் உண்டு. ஆனால் அதைப் பொருத்தும்போது கியர்பாக்ஸின் வெளிமுனையும் டிஃபரென்ஷியலின் பினியனும் (அதனுள் நுழையும் பற்சக்கரத் தண்டு) ஏறத்தாழ இணையான கோணத்தில் அமைய வேண்டும். இது தவறினால் வேகம் கூடும்போது வண்டி அதிரும், யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

உங்கள் திட்டத்தில் நான் அதிகம் அஞ்சுவது பிரேக்கைத்தான். பழைய ஃபோர்டுகளைப் போல மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) வண்டியின் தரைத் தகட்டுக்கு அடியில் வைத்தால் அது காலிப்பரைவிட (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தாழ்வாக இருக்கும். அப்போது பிரேக் ஆயில் காலிப்பரிலிருந்து மெல்லத் திரும்பி வழிந்துவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாகப் போகும். இதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வுகளைப் பொருத்துவது வழக்கம். முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்றால் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் தேவை. அதை வண்டி காலியாக இருக்கும்போதும் சரக்கு ஏற்றிய பின்னும் சோதித்தே சரிசெய்யுங்கள்.

பாகங்களைக் கலப்பது பற்றிக் கவலை வேண்டாம். 1947 முதல் 1981 வரை வந்த பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனின் எச் வேனில் அதன் டிராக்‌ஷன் அவாண்ட் காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் இருந்தன. தொழிற்சாலைகளே செய்த வேலைதான் இது. நல்ல நிலையில் முழுமையாக இருக்கும் வண்டியைப் பிரித்திருந்தால் எதிர்த்திருப்பேன். வெறும் பாடிக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

கேட்டவர்

நன்றி. மஸ்டாங் 2-ஐக் கைவிட்டு, எஸ்-10இன் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொள்கிறேன். பாடியோடு வந்த பழைய மீட்டர்களைப் பயன்படுத்தலாமா?

முதல் பதிலளித்தவர்

பழைய ஃபோர்டின் மின்னமைப்பு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் நேர்முனை வண்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கும்). எஸ்-10 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (எதிர்முனை இணைந்திருக்கும்). மீட்டர்களுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவி வேண்டும். மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் இணைப்பைத் திருப்பிப் போட வேண்டும். பழைய வயரிங்கை மட்டும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். காலப்போக்கில் இற்றுப்போன அதன் உறை தீப்பிடிக்கக் காரணமாகலாம். எந்தப் பாகம் எந்த ஆண்டின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதத் தொடங்குங்கள். பிரேக் பேட் வாங்கக் கடையில் நிற்கும்போது, வண்டியின் பெயரைச் சொல்லி எதுவும் கிடைக்காது.