உப்புக்காற்றில் ஹைபுஷ் ப்ளூபெர்ரி: காய்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மண்டபம்:
மிஸ்டி ரகம், பெங்களூர் நர்சரிக் கன்று, வீட்டுக்குப் பின்புறம் தரையிலேயே வைத்தேன். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்துக் குறைவு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மருந்து தெளித்த பிறகும் புதுத்தளிர் மஞ்சளாகவே வந்தது.

என் மனதை விட்டு அகலாதது வேறு. பள்ளியில் வேதியியல் நடத்தும் அக்கா விடுமுறைக்கு வந்திருந்தார். செடியடி மண்ணை ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு, அதன்மேல் வினிகரை ஊற்றினார். சுர்ரென்று நுரை கிளம்பித் தட்டின் விளிம்புவரை வந்துவிட்டது. நுரை அடங்கியதும் தட்டில் கிடந்ததை விரலால் கிளறிக் காட்டினார்: சிப்பித் துணுக்கு, சங்குத் துணுக்கு, பவளப்பாறைப் பொடி. “இதில் பாதி சுண்ணாம்பு தம்பி” என்றார். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை, அதாவது நல்ல அமில மண்ணைக் கேட்கிற செடி அது. நம் ராமநாதபுரம் கரையில் யாராவது பழம் கண்டீர்களா?

கீழக்கரை மாடித்தோட்டம்:
கண்டேன். என்னுடையதும் பெங்களூர்க் கன்றுதான். மாடியில் தொட்டி, கழுவிய தென்னை நார்க்கழிவு, மழைத்தண்ணீர் மட்டும். வைத்த முதல் தை மாதத்திலேயே பூத்தது. பூ வெள்ளை மணி போலத் தலைகீழாகத் தொங்கும். மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. உலுக்கினால்தான் தூள் கொட்டும். தேனீ வந்தது, போனது, பயனில்லை. ஒரு நாள் காலையில் முருங்கைக்கு வரும் பெரிய கருவண்டு இந்தப் பக்கம் திரும்பியது. பூவைக் கால்களால் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்தது. அது பறக்கும்போது வரும் ஒலியைவிட இந்த ஒலி கூர்மையானது. அதன் வயிற்றில் மஞ்சள் தூள் கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன். அந்தக் கொத்தில்தான் காய் பிடித்தது. பழத்தின் மேலிருந்த சாம்பல் பூச்சைக் கட்டைவிரலால் தேய்த்தால் கீழே கருநீலம். அதன் புளிப்பும் இனிப்பும் நாக்கில் இன்னும் இருக்கின்றன.

தேவிபட்டினம்:
எனக்கு நடந்தது இது. இணையத்தில் வாங்கிய கன்று, படத்தில் கொத்துக் கொத்தாக நீலப் பழம். நன்றாகத்தான் வளர்ந்தது. என் மாமியார் வந்து ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் பால் துளிர்த்தது. “களா அம்மா இது. முள் வரும் பார்” என்றார். வந்தது. ப்ளூபெர்ரிச் செடியில் பாலும் இல்லை, முள்ளும் இல்லை. வாங்குகிறவர்கள் முதலில் ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

தங்கச்சிமடம்:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) மனம் வருந்தக் கூடாது, ஆனால் அந்தப் பூ கீழக்கரையில் பிறந்த பூ அல்ல. பூமொட்டு முந்தைய பருவத்துக் கிளையில், பகல் குறுகி இரவு குளிரும்போது உருவாகிவிடும். பெங்களூர்க் குளிரில் கட்டிய மொட்டு உங்கள் மாடியில் விரிந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பூத்ததா? அதைச் சொல்லுங்கள்.

இந்தச் செடியின் ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. நியூ ஜெர்சியின் அமிலச் சதுப்பு மண்ணில் எலிசபெத் ஒயிட்டும் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில்லும் சேர்ந்து தோட்டப் பயிராக்கி, 1916இல் முதல் விளைச்சலை விற்றார்கள். அந்த வடக்கு ரகங்கள் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் கேட்கும். மிஸ்டி போன்றவை ஃபுளோரிடாக் காட்டு இனத்தோடு கலந்து உருவானவை. குறைந்த குளிர் போதும். நம் ஊரில் மார்கழியிலும் அந்தக் குறைந்த குளிர்கூடக் கிடையாது.

மண்டபம் தம்பிக்கும் சொல்கிறேன். தரையில் கந்தகம் போடாதீர்கள். பாக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்காகும். ஆன அமிலத்தையும் சிப்பிச் சுண்ணாம்பு விழுங்கிவிடும். தொட்டிதான் வழி. நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். சாம்பல், எலும்புத்தூள், சாணம் வேண்டாம். அம்மோனியம் சல்பேட் கொஞ்சமாக. வேர் மேலாகவே ஓடும், வேர்த்தூவி கிடையாது, ஒரு வெயிலுக்கே காய்ந்துவிடும். சவுக்குச் சருகை மூடாக்காகப் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். மண்ணை எவ்வளவு மாற்றினாலும், நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பைகார்பனேட் என்ற கார உப்பைக் கொண்டுவந்து பழைய நிலைக்கே இழுத்துவிடும். என் தொட்டியின் விளிம்பு முழுக்க வெள்ளை பூத்தது, செடி கருகியது. என் கதை அவ்வளவுதான்.

பாம்பன், தெற்குவாடி:
தண்ணீர் மட்டும் என்று சொல்லிவிட முடியாது அண்ணா. நான் ஊற்றியது முழுக்க மழைத்தண்ணீர். ஆனி மாதக் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடித்த வாரத்தில் கடல் பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகின, சுவர் பக்கத்து இலைகள் பச்சையாகவே இருந்தன. கருகாத இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பிலுள்ள குளோரைடு தாங்காத செடிக்கு வேறென்ன நஞ்சு வேண்டும்? தண்ணீரைப் பிடித்து வைக்கலாம், காற்றை எங்கே பிடித்து வைப்பது?

கீழக்கரை மாடித்தோட்டம்:
தங்கச்சிமடம் கேட்டதற்கு: மறு ஆண்டு இலைதான் நிறைய, ஒரு கிளையில் மட்டும் பூ வந்தது. ஆனால் வந்தது, அந்த மொட்டு இங்கேதான் கட்டியது. அதை யாரும் பெங்களூர்க் கணக்கில் எழுத வேண்டாம். பாம்பன் தம்பி சொன்ன கச்சான் உண்மை. நான் தொட்டியை மாடிப்படிச் சுவரின் வடக்குப் பக்கம் மாற்றிவிட்டேன். காற்று ஓய்ந்த மறுநாள் இலைகளை மழைத்தண்ணீரால் கழுவிவிடுகிறேன். மண்டபத்தார் கன்றைத் தொட்டிக்கு மாற்றுவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன் மாற்றுங்கள். வேரில் ஒட்டிய மண் முழுவதையும் உதறி, அலசிவிட்டு வையுங்கள். ஒரு சிப்பித் துணுக்குகூட உள்ளே போகக் கூடாது.