ரெண்டு டர்ட் பைக், சின்ன கேம்பர்: எந்த டிரக் தாங்கும்?

வணக்கம் நண்பர்களே. நானும் தம்பியும் பைக்கை டிரக்கோட பின்தொட்டியில ஏத்திக்கிட்டு, பின்னாடி ஒரு சின்ன கேம்பரை (உள்ளே தூங்குற வசதியுள்ள இழுவை வண்டி) இழுத்துட்டுப் போகணும்.

கேம்பர் சாமானோட 1,500 கிலோ. அதை இழுக்கிற டிரக் நிறைய இருக்கு. பயமெல்லாம் பேலோடுலதான், அதாவது டிரக் தன் மேல சுமக்கக்கூடிய எடையிலதான். பைக் ஒண்ணு 110 கிலோ, நாங்க ரெண்டு பேர், கேம்பர் எடையில கொக்கி மேல இறங்குற 10-15 சதவீதம் எல்லாம் கூட்டினா 600 கிலோகிட்ட வருது. நேத்து பார்த்த டிரக் ரொம்பப் பிடிச்சிருந்தது. கதவைத் திறந்து ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்தா பேலோடு 540 கிலோதான். மனசே விட்டுப்போச்சு.

பைக் நீளம் 7 அடி. ஐந்தரை அடி தொட்டியில பின்கதவு மூடாது. திருப்பத்துல பின்சக்கரம் கேம்பரை இடிக்குமா? இல்ல, பைக்கையும் கேம்பருக்கு உள்ளேயே ஏத்துற டாய் ஹாலர் வகை தேவலையா? பெட்ரோல் வாடையில தூங்க முடியுமான்னுதான் தயக்கம். ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.