ஜீப்பில் ஆர்டி-524: பெட்டியைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்151, எம்38ஏ1 ஜீப்களில் சேகரிப்பாளர்கள் அதிகம் பொருத்துவது விஆர்சி-46 என்ற ராணுவ ரேடியோ. பெயர்தான் பெரிது. ஆர்டி-524 என்ற ஒரே பெட்டி, அதைத் தாங்கும் எம்டி-1029 மவுண்ட், ஆன்டெனா, இவற்றை இணைக்கும் கேபிள்கள், அவ்வளவே. 30.00 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை 50 கிலோஹெர்ட்ஸ் படிகளில் 920 சேனல், எஃப்எம், உயர் பவரில் 35 வாட் அளவு.

"போகவில்லை, கேட்கவில்லை" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் பழுது பெட்டிக்கு வெளியேதான். முதலில் மின்சாரம். உயர் பவரில் பேசும்போது இந்த ரேடியோ 24 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து மவுண்டுக்கு 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்தத் தூரத்துக்குக் கிட்டத்தட்ட முக்கால் வோல்ட் தொலைந்துபோகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள். ஃப்யூஸைப் பெட்டிப் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உராய்ந்து பாடியைத் தொட்டால் காப்பாற்ற ஆளில்லை.

மீட்டரால் சோதிக்கும் முறை இது. ஆன்டெனா இருக்க வேண்டிய பிஎன்சி இணைப்பில் 50 ஓம் டம்மி லோடை (பவரைக் காற்றில் விடாமல் வெப்பமாக உண்ணும் போலி ஆன்டெனா) போட்டு, உயர் பவரில் பேச்சு பட்டனை அழுத்திக்கொண்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் மவுண்ட் பாசிட்டிவுக்கும் நடுவே அளக்கவும். பிறகு நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே தனியாக. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கேயோ பச்சை பூத்த முனை இருக்கிறது. பட்டனை அழுத்தாமல் அளந்தால் எல்லா வண்டியும் நன்றாகவே தெரியும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போதும், இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பும்போதும் ரேடியோ ஆஃபில் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் விடும் நொடியில் பாயும் வோல்ட்டேஜ் இந்த வயது டிரான்சிஸ்டர்களுக்கு ஆகாது. சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 28 வோல்ட் பக்கத்தில் நிற்க வேண்டும். 30-ஐத் தொடுகிறது என்றால் முதலில் ரெகுலேட்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் ரேடியோ.

* * *

மேலே சொன்னதோடு ஜெனரேட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்38ஏ1-இன் வழக்கமான ஜெனரேட்டர் 25 ஆம்பியர்தான், அதுவும் வேகத்தில் ஓடும்போது. ஐட்லிங்கில் அது கொடுப்பது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நின்ற வண்டியில் அரைமணி நேரம் பேசிவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு கெட்ட பழக்கம், தொடராக இணைந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் கீழ்ப் பேட்டரியிலிருந்து (நெகட்டிவ் பாடியோடு இணைந்தது) மட்டும் வயர் எடுத்து மொபைல் சார்ஜரோ சின்ன அமெச்சூர் (பொழுதுபோக்கு) ரேடியோவோ போடுவது. கீழ்ப் பேட்டரி தேய்ந்துகொண்டே வரும். சார்ஜிங் சிஸ்டத்துக்குத் தெரிவது மொத்தம் 28 வோல்ட் மட்டுமே, அதனால் மேல் பேட்டரி பங்குக்கு மேல் வாங்கிக் கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போய்விடும். 12 வோல்ட் வேண்டுமென்றால் 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் போடுங்கள்.

* * *

12 வோல்ட் சிவிலியன் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: 12-ஐ 24 ஆக்கும் கன்வெர்ட்டரில் 10 ஆம்பியர் எடுக்க, வண்டிப் பக்கம் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விலை குறைந்த கன்வெர்ட்டர்களின் இரைச்சல் நேராக 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும். ரிசீவரில் ஒரு வண்டு நிரந்தரமாகக் குடியிருக்கும். பின்னால் இரண்டு 12 வோல்ட் டீப் சைக்கிள் பேட்டரியைத் தொடராக வைத்து, ரேடியோவை அதில் மட்டும் ஓட்டி, வீட்டில் சார்ஜ் போடுவது எளிது. சத்தமும் இல்லை. பாரம் கூடும் என்பது உண்மைதான்.

* * *

அடுத்தது மவுண்ட். பெட்டி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். மெல்லிய தகட்டில் நேராக போல்ட் போட்டால் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அடியில் 5 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை கொடுத்து, லாக் நட்டால் இறுக்கவும். மவுண்டின் ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் மவுண்டிலிருந்து பாடிக்குப் பின்னல் எர்த் பட்டை ஒன்று கட்டாயம். இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே பெயின்ட் பூசுங்கள். அழகுக்காகப் பெயின்ட் அடித்து முடித்த வண்டியில் எர்த் பட்டையைப் பெயின்ட் மேலேயே மாட்டுவது வெறும் அலங்காரம்.

* * *

இனி ஆன்டெனா. இந்த ரேடியோவோடு வரும் ஏஎஸ்-1729 ஆன்டெனாவை வெறும் கம்பி என்று நினைத்து "நீளம் சரியாக இருந்தால் போதும்" என்று வேறு கம்பி போடுகிறார்கள். அது நடுவில் ஊட்டப்படும் ஆன்டெனா. கீழ்த்துண்டுக்குள் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) மேலே போகிறது, மேல்துண்டு அதில் மரையால் ஏறுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் துரு இருந்தால் மேல் பாதி இல்லாத மாதிரிதான். கம்பி நேராக நிற்கும், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் திரும்பும் பவரைக் காட்டும் அளவு) வானத்துக்குப் போகும். மரையைப் பித்தளை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தபிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

அடியில் இருக்கும் எம்எக்ஸ்-6707 பெட்டிக்குள் 10 அலைவரிசைப் பட்டைகளுக்கான மேட்சிங் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் சுற்று) இருக்கிறது. ரேடியோவில் அலைவரிசையைத் திருப்பினால் கன்ட்ரோல் கேபிள் வழியாகச் செய்தி போய், மோட்டார் சரியான பட்டைக்குச் சுற்றும். அந்தக் கேபிளில் ஒரு பின் வளைந்திருந்தாலும் மோட்டார் நிற்காமல் சுற்றும், இல்லையென்றால் அசையவே அசையாது. திருப்பும்போது பெட்டியில் காது வைத்துக் கேட்டாலே தெரியும். கேபிள் கிடைக்கவில்லையா? எம்எக்ஸ்-6707-இல் கையால் திருப்பும் வசதி உண்டு. பட்டையைக் கையால் வைத்துவிட்டு அந்தப் பட்டைக்குள்ளேயே பேசலாம். ரேடியோவுக்கு ஏ, பி என்று இரண்டு பட்டை; பி பட்டை 53.00 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, அங்கே ஆன்டெனா பட்டையும் மாறும். 51-இல் இருந்து 53.50-க்குத் தாவிவிட்டு ஆன்டெனாவை மறந்தால் பழி ரேடியோ மேல் விழும்.

ஆன்டெனா மட்டுமே ஏறத்தாழ 3 மீட்டர், வண்டியின் உயரம் தனி. தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கு அடியில் போகும்போது கயிறு போட்டு வளைத்துக் கட்டியிருக்க வேண்டும். நுனியில் உருண்டை மூடியும் வேண்டும். இல்லையென்றால் வளைத்துக் கட்டிய கம்பியின் நுனி ஆள் கண் உயரத்தில் நிற்கும்.

* * *

எந்த அலைவரிசை என்ற கேள்விக்கு: அமெரிக்காவில் உரிமம் உள்ள அமெச்சூர்களுக்கு இந்த ரேடியோவில் கிடைப்பது 50 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். மற்ற அலைவரிசைகளில் கேட்கலாம், பட்டனைத் தொடக்கூடாது. அமெரிக்காவின் எஃப்எம் அழைப்பு அலைவரிசையான 52.525 இதில் வராது; 52.50 அல்லது 52.55தான். படி 50 கிலோஹெர்ட்ஸ் என்பதன் விளைவு அது. ராணுவ ரேடியோக்காரர்கள் 51.00-இல் கூடுவது இதனால்தான்.

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சின் தொல்லை தனி. 'நியூ' நிலையில் 150 ஹெர்ட்ஸ் தொனி வந்தால்தான் ஒலிபெருக்கி திறக்கும். எதிரில் இருப்பவர் சாதாரண அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தால் உங்கள் பெட்டி ஊமையாகவே இருக்கும். 'ஓல்டு' நிலைக்கு மாற்றினால் தொனி இல்லாத வெறும் கேரியருக்கே (அடிப்படை அலை) திறக்கும். இல்லையென்றால் எதிரில் இருப்பவரை 151.4 ஹெர்ட்ஸ் தொனி போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் தொனியின் அளவு போதவில்லை என்று பொருள்: ராணுவத்தொனி அலைவரிசையை 3 கிலோஹெர்ட்ஸ் அளவு விலக்கும், அமெச்சூர் தொனி ஒன்றைக்கூடத் தொடாது. மறுபுறம், உங்கள் பேச்சு அவருக்குக் கரகரப்பாகவும் அடியில் ஒரு ரீங்காரத்தோடும் கேட்கும். அவருடைய ரிசீவர் 5 கிலோஹெர்ட்ஸ் விலகலுக்கானது, இது அதைப்போல் இரண்டு மடங்கு. மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தால் கொஞ்சம் தேவலை.

* * *

முதுகில் சுமக்கும் ராணுவ ரேடியோவான பிஆர்சி-77-ஐ வண்டியில் வைக்கும் விஆர்சி-64 பற்றி ஒரு திருத்தம். அதனுடன் வரும் ஏஎம்-2060 பவர் கூட்டும் பெட்டி என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது கூட்டுவது ஒலிபெருக்கிக்கான ஒலியை மட்டும். ரேடியோவுக்கு மின்சாரமும் கொடுக்கும். ஆன்டெனாவுக்குப் போவது அதே ஒன்றரை, இரண்டு வாட்தான். அதில் 12 வோல்ட், 24 வோல்ட் தேர்வு உண்டு. வாங்கியவுடன் அது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் வயரை மாட்டாதீர்கள்.