சம்பலில் மாசி: கம்பனி விருந்தாளிக்குச் சாப்பாட்டுச் சேவை வேண்டுமா, வேண்டாமா?

பம்பலப்பிட்டிப் பாலன்:
நேற்று இங்கே மரைன் டிரைவ் மச்சான் எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பார்க்காதவர்களுக்காக அதை அப்படியே போடுகிறேன்: "வேலை விஷயமாகக் கொழும்புக்கு வந்து சேர்விஸ் அப்பார்ட்மெண்டில் ஒரு மாதம், இரண்டு மாதம் தங்குகிறவனுக்கு மளிகைச் சேவை, சாப்பாட்டுச் சேவை என்று கம்பனி காசு கட்டுவது வீண். போனில் ஊபர் ஈட்ஸ், பிக்மீ இருக்கிறது. இறங்கி நடந்தால் காலி வீதி இருக்கிறது. பசித்தவன் சாப்பிட்டுக்கொள்வான்."

வெளிநாட்டிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு வீடு பார்ப்பது, பிரிட்ஜில் சாமான் நிரப்பி வைப்பது, சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்வது எல்லாம் என் வேலை. ஆகவே இந்தப் 'பசித்தவன்' பேச்சை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பிறந்ததிலிருந்து மீன், முட்டை தொடாதவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடம், பெயர் வேண்டாம். காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்தது. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். பெட்டிக்கு மேலே 'மரக்கறி' என்று ஸ்டிக்கர் வேறு. சம்பலில் மாசிக் கருவாடு! பாதி சாப்பிட்ட பிறகுதான் பல்லில் கடிபட்டு அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை பாணும் வாழைப்பழமும்தான். அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மரைன் டிரைவ் மச்சான்:
பாலன் அண்ணை, நீங்கள் சொன்ன கதை என் கட்சிக்குத்தான் சாட்சி. அவருக்குச் சேவை இருந்தது. சேவைதானே அந்தப் பெட்டியைக் கொடுத்தது? காலி வீதியில் இறங்கி ஒரு சைவக் கடைக்குள் போயிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அடுத்தது, அது மாசி என்று யார் சொன்னது? படத்தை நீங்கள்தான் அப்போது இங்கே போட்டீர்கள், நானும் பார்த்தேன். அது இடிபட்ட செத்தல் மிளகாய்.

பம்பலப்பிட்டிப் பாலன்:
மாசி எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுக்கட்டை மாதிரி இறுகும்வரை காய வைத்தால் அதுதான் மாசி. உரலில் இடித்தால் சிராய் சிராயாகப் பிரியும். செத்தல் மிளகாய் அப்படிப் பிரியாது. தோலும் விதையுமாகத்தான் வரும். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். விதை எங்கே?

இன்னொன்று. இந்தியாவில் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்து நம்பி வாங்கிப் பழகியவர்கள் இவர்கள். இங்கே சீனிச் சம்பலில் மாசி, கட்டைச் சம்பலில் மாசி, சில வீட்டில் பருப்புக்கும் கீரைச் சுண்டலுக்கும் மாசி. நமக்கு அது வாசத்துக்குப் போடுகிற சாமான், அவர்களுக்கு மீன். இதைத் தெரிந்த ஒரு ஆள் நடுவில் நிற்கத்தான் சேவை வேண்டும் என்கிறேன்.

வெள்ளவத்தைச் சமையல் அக்கா:
நான் தொடர்மாடியில் தங்கும் கம்பனி ஆட்களுக்கு மூன்று வேளையும் சமைத்து அனுப்புகிறவள். 'நமக்கு அது வாசத்துக்கு' என்று பாலன் தம்பி எழுதியதில் யார் அந்த 'நாம்'? யாழ்ப்பாணத்துச் சம்பலில் மாசி கிடையாது. தேங்காய்ப்பூ, செத்தல், சின்ன வெங்காயம், உப்பு, புளி. என் குசினிக்குள் மாசி வந்ததே இல்லை. எல்லோரையும் ஒரே சட்டிக்குள் போட வேண்டாம்.

பம்பலப்பிட்டிப் பாலன்:
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. கொள்ளுப்பிட்டிக் கட்டடத்தைச் சொன்னேன்.

வெள்ளவத்தைச் சமையல் அக்கா:
பெயர் சொல்லாமல் எழுதினால் எல்லோர் மேலும்தான் விழும்.

தெஹிவளை வாசகி:
ஒரு கேள்வி. எதைச் சேவை என்று பேசுகிறோம்? வருவதற்கு முன்னால் பிரிட்ஜில் அரிசி, பால், முட்டை, மரக்கறி வாங்கி வைப்பதா? தினமும் சமைத்துக் கொண்டுவந்து தருவதா? கட்டடமே தருகிற காலைச் சாப்பாடா? மூன்றும் மூன்று விதமான செலவு. அதைப் பிரித்துக்கொண்டு பேசினால் நல்லது.

மரைன் டிரைவ் மச்சான்:
எந்தச் சேவையானாலும் சரி, அது செத்தல் மிளகாய். விதை போகும்படி சல்லடையில் அரித்திருப்பார்கள்.

ராஜகிரிய சென்னைக்காரன்:
வணக்கங்க. நான் சென்னையிலிருந்து புராஜெக்ட் வேலையாக வந்து ராஜகிரியவில் தங்கியிருக்கிறேன். வெளியே இருந்து வந்தவன் கஷ்டம் என்னன்னு சொல்றேன், கேளுங்க.

விமானம் கட்டுநாயக்காவில் இறங்கும்போதே ராத்திரி. 2013இல் திறந்த அதிவேகப் பாதை இருப்பதால் கொழும்புக்குச் சீக்கிரம் வந்துவிடலாம், ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் மட்டும். செயலியில் ஆர்டர் போடலாம் என்றால் இந்தியக் கார்டுக்கு ஓடிபி இந்திய நம்பருக்குப் போகிறது, அந்த சிம் ரோமிங்கில் இல்லை. இங்கத்து சிம் மறுநாள்தான் கிடைத்தது. டெலிவரிக்காரர் கூப்பிட்டுப் பேச ஒரு உள்ளூர் நம்பர் வேண்டும் இல்லையா? ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட அலுமினியக் குக்கர் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகவில்லை, அடியில் இரும்பு இருந்தால்தான் அது பிடிக்குமாம். இதெல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லி, ஒரு பாக்கெட் பால், கொஞ்சம் அரிசி, ஒரு பொருத்தமான பாத்திரம் வைத்திருந்தால் போதும். பெரிய விருந்து யாரும் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டிப் பாலன்:
பார்த்தீர்களா மச்சான்? இதைத்தான் நான் சொல்கிறேன். சென்னைத் தம்பி, உங்களுக்குக் காலையில் சம்பல் தருகிறார்களா? மாசி இருக்கிறதா?

ராஜகிரிய சென்னைக்காரன்:
நான் மீன் சாப்பிடுவேன் சார். எனக்கு அது பிரச்சினை இல்லை. பால் பற்றித்தான் சொன்னேன்.

மரைன் டிரைவ் மச்சான்:
பால் இல்லையென்றால் பால்மா இருக்கிறது. 400 கிராம் பக்கெற் இல்லாத கடை இந்த ஊரில் உண்டா? நாங்கள் எல்லோரும் அதில்தான் தேத்தண்ணீர் குடித்து வளர்ந்தோம்.

ராஜகிரிய சென்னைக்காரன்:
பால்மாவில் தயிர் சரியாக உறைய மாட்டேங்குது சார். ராத்திரி ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். சூப்பர் மார்க்கெட்டில் மண்சட்டியில் ஒரு தயிர் கிடைத்தது, சாதத்தோடு ஒட்டவே இல்லை.

மட்டக்களப்பு மைந்தன்:
அந்த மண்சட்டித் தயிரை இனிக் குறை சொல்லாதீர்கள். எருமைத் தயிர். கெட்டியாகத்தான் இருக்கும். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட வேண்டியதைச் சோற்றில் பிசைந்துவிட்டு ஒட்டவில்லை என்றால் என்ன செய்வது? எங்கள் ஊரில் சட்டியைக் கவிழ்த்துக் காட்டித்தான் விற்பார்கள். விழாது. கொழும்பில் வருகிறவனுக்குச் சாப்பாட்டுச் சேவை நடத்துகிற யாராவது இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

வெள்ளவத்தைச் சமையல் அக்கா:
நான் சொல்லிக் கொடுக்கிறேன். தயிர்சாதத்துக்கு எருமைத் தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து அனுப்புகிறேன். ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை.

மரைன் டிரைவ் மச்சான்:
அக்கா, உங்கள் பெருமை இருக்கட்டும். வீட்டுச் சமையல்காரர்கள் பில் தருகிறீர்களா? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். கணக்குப் பிரிவு ஒவ்வொரு செலவுக்கும் ஒழுங்கான பில் கேட்கிறது. கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தால் எந்தக் கம்பனி காசு திருப்பித் தரும்? இடியப்பத்தை எதில் வைத்து அனுப்புகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். பிளாஸ்டிக் இடியப்பத் தட்டை 2023 ஒக்டோபரிலேயே தடை செய்துவிட்டார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017இலிருந்து தடை.

வெள்ளவத்தைச் சமையல் அக்கா:
என் இடியப்பத் தட்டு பிரம்பில் பின்னியது. அவித்து எடுத்து வாழை இலையில் அடுக்கி, எவர்சில்வர் கரியரில் போகிறது. கழுவாமல் திருப்பி அனுப்புகிறவர்களிடமும் நான் முகம் சுளித்ததில்லை. 2022இல் காஸ் இல்லாத நாட்களில் பின் வளவில் விறகு வைத்துச் சமைத்து, பெட்ரோல் இல்லாமல் மகன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்போது உங்கள் செயலி எங்கே இருந்தது? பில்லாம் பில்! பேர் போட்ட பில் புத்தகமே அச்சடித்து வைத்திருக்கிறேன்.

மரைன் டிரைவ் மச்சான்:
பேர் போட்ட பில்லும் வற் பில்லும் ஒன்றில்லை.

பம்பலப்பிட்டிப் பாலன்:
மச்சான், காஸ் சிலிண்டர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் செய்தீர்கள். பதில் இல்லாத இடம் வந்ததும் வேறு கதவைத் திறந்துகொண்டு ஓடினீர்கள். அக்காவின் பில்லைப் பற்றி யார் கேட்டது? வற் பில் வேண்டியது கம்பனிக்கு. அதை வீடு எடுத்துக் கொடுக்கிற நிறுவனம் தரும், உள்ளே சமைக்கிறவருக்கு அவர்கள் தனியாகக் காசு கொடுப்பார்கள். நான் அப்படித்தான் ஒழுங்கு செய்கிறேன். கேள்வி ஒன்றுதான். சம்பலில் இருந்தது மாசியா, மிளகாயா? மாசி என்றால் மரக்கறி என்று ஸ்டிக்கர் ஒட்டியது யார்?

கொட்டாஞ்சேனை ரைடர்:
எல்லோரும் செயலி செயலி என்கிறீர்கள். கொண்டுவருகிறவன் நான். பெரிய கட்டடங்களில் எங்களைக் கீழ் லொபியோடு நிறுத்திவிடுவார்கள். லிஃப்டில் ஏற விடமாட்டார்கள். மேலே இருக்கிறவர் மீட்டிங்கில் இருப்பார், போன் எடுக்க மாட்டார். சாப்பாடு ஆறும், அடுத்த ஓடர் போகும். அப்புறம் இறங்கி வந்து, சாப்பாடு சூடில்லை என்று எனக்குக் குறைந்த ஸ்டார் போடுவார். மழை நாளில் செக்யூரிட்டி வாசலுக்கு உள்ளேகூட நிற்க விடாத கட்டடங்கள் இருக்கின்றன. இதைப் பற்றியும் யாராவது பேசுங்கள்.

ராஜகிரிய சென்னைக்காரன்:
நீங்க சொல்றது உண்மை பிரதர். எங்க கட்டடத்தில் ரிசெப்ஷனில் வாங்கி வைக்கச் சொன்னால் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க மாட்டோம் என்கிறார்கள்.

மரைன் டிரைவ் மச்சான்:
அது பாதுகாப்பு. தெரியாதவன் எல்லாம் மேலே ஏறினால் குடியிருக்கிறவர்களுக்கு ஆபத்து. நானும் தொடர்மாடியில்தான் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ரைடர்:
தெரியாதவனா? என் பெயர், படம், வண்டி நம்பர் எல்லாம் உங்கள் போனில் இருக்கிறது, அண்ணே. உங்கள் சோற்றைத் தொட்டுக்கொண்டு வருகிறவன் ஆபத்து, சோறு மட்டும் ஆபத்தில்லையா?

தெஹிவளை வாசகி:
நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிரிட்ஜ் நிரப்புவதா, சமைத்துத் தருவதா? சமைத்துத் தருவதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துவிட்டுப் போன குசினியா? பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் வந்து இறங்குகிறவருக்குக் கடையில் இறைச்சிப் பகுதி மூடியிருக்கும், அதற்கு முதல் நாளே யார் வாங்கி வைப்பது? இதையெல்லாம் பேசத்தானே இந்த இழை?

பம்பலப்பிட்டிப் பாலன்:
தங்கச்சி, அதற்குத்தான் வருகிறேன். முதலில் மாசி முடியட்டும். ஒரு சிறிய பொய்யை இப்போது விட்டால் நாளைக்குப் பெரிய பொய் வரும். அந்தக் கட்டடத்தில் நான் நேரில் போய்க் கேட்டேன். 'கொஞ்சம்தான் போட்டோம் சேர்' என்றார்கள். கொஞ்சம்தான்! மச்சான், இதற்கு மேல் என்ன வேண்டும்?

மரைன் டிரைவ் மச்சான்:
கொஞ்சம் எதைப் போட்டார்கள்? மிளகாயையா, மாசியையா? அதைக் கேட்டீர்களா?

பம்பலப்பிட்டிப் பாலன்:
மாசி போட்டீர்களா என்று கேட்டதற்கு வந்த பதில் அது. வேண்டுமென்றே விளங்காத மாதிரி நிற்கிறவரிடம் என்ன பேசுவது? நான் இந்த வேலையைச் சம்பளத்துக்காக மட்டும் செய்யவில்லை. வேற்று ஊரில் ஒரு மனிதன் எந்தப் பயமும் இல்லாமல் ஒரு வாய் வைக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் போகும்போது என் கையைப் பிடித்து, 'உங்க மேல தப்பில்லைங்க' என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு ஒரு பொறுப்பான சமையல்காரர், ஒரு நம்பகமான மளிகைப் பட்டியல், ஒரு போன் நம்பர் இருந்திருந்தால் போதும். இவற்றை வீண் செலவு என்று எழுதியவர் நீங்கள்.

மரைன் டிரைவ் மச்சான்:
ஆமாம், எழுதினேன். இன்னும் அதைத்தான் சொல்கிறேன். வெள்ளவத்தைக்கு ஒரு ஓட்டோ பிடித்தால் தீர்கிற பிரச்சினைக்குக் கம்பனி மாதக் கட்டணம் கட்டுகிறது. அது மிளகாய்தான். விதையை எடுத்துவிட்டு இடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தைச் சமையல் அக்கா:
யார் ஐயா விதையை எடுத்துவிட்டுச் சம்பல் இடிக்கிறார்கள்? எந்த ஊரில்?

மரைன் டிரைவ் மச்சான்:
எங்கள் வீட்டில். என் அம்மா அப்படித்தான் இடிப்பா, வயிறு எரியாமல் இருக்க.

மட்டக்களப்பு மைந்தன்:
வயிறு எரிந்தால் தயிர் சாப்பிடச் சொல்லுங்கள். எருமைத் தயிர்.

பம்பலப்பிட்டிப் பாலன்:
அம்மாவை இதற்குள் கொண்டுவர வேண்டாம் மச்சான். அந்தப் பெட்டியை அடைத்தது உங்கள் அம்மா இல்லை. படத்தை இன்னும் பெரிதாகப் போடுகிறேன், வலது பக்க மூலையைப் பாருங்கள். சிராய் தெரிகிறதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.