மயிலாடி சபையோட பழைய படங்க யார் வீட்டுலயாவது இருக்கா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 1806-ல ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்து 1809-ல ஆலயம் கட்டுனாரு, கூடவே பள்ளிக்கூடமும் தொடங்குனாரு, நம்ம முன்னோருக்கு பள்ளிக்கூட வாசலே கெடைக்காத காலம் அது, அவங்க அங்கதான் எழுத்து படிச்சாங்க. அந்த சேவைய மதிச்சு ஆலயத்துல ஒரு சின்ன போட்டோ கண்காட்சி வைக்கணும்னு நாங்க கொஞ்சபேர் ஆசப்படுறோம். பழைய கல்யாண போட்டோ, ஞானஸ்நான சீட்டு, பாட்டிமார் பின்னுன லேஸ், எதுனாலும் குடுங்க அண்ணன்மாரே அக்காமாரே. எங்க பாட்டியோட லேஸ் குச்சிங்க இன்னும் பரண்ல கெடக்கு, கைபட்டு கைபட்டு வழுவழுன்னு ஆயிருக்கு, அந்த கூலியிலதான் எங்கம்மாவ படிக்க வச்சாங்க. வீட்டுக்கே வந்து ஸ்கேன் பண்ணி அப்பவே திருப்பி குடுத்துருவோம். வயசானவங்ககிட்டயும் ஒருதடவ கேட்டு பாருங்க, ப்ளீஸ்.