கொலீக், லீக், காலேஜ், கலெக்ட்: நாலுக்கும் ஒரே வேரா?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்காக ஆங்கிலச் சொற்களின் வேர் அட்டவணை தயாரிக்கிறேன். இந்த நான்கையும் 'லெகாரெ', அதாவது கட்டுதல், என்ற ஒரே கிளையில் வைத்திருக்கிறேன். லத்தீன் அகராதியிலோ அதற்குக் கட்டுதல் என்ற பொருளே இல்லை. எங்கே பிசகு?

பதில்:
கட்டுதல் என்ற பொருள் இத்தாலிய 'லெகாரெ'வுக்கு உரியது. அதன் லத்தீன் மூலம் 'லிகாரெ'. அந்த வழியில் இத்தாலிய 'லெகா', பிரெஞ்சு 'லீக்' என்று மாறி ஆங்கிலத்துக்கு வந்தது இந்த நான்கில் கூட்டணியைக் குறிக்கும் லீக் மட்டும்தான்.

லத்தீன் 'லேகாரெ' வேறு. பொறுப்புக் கொடுத்து அனுப்புவது என்று பொருள். பிரதிநிதியைக் குறிக்கும் டெலிகேட் அதில் பிறந்ததுதான். 'உடன்' என்னும் முன்னொட்டோடு அதே வேரிலிருந்து வந்தது 'கொல்லேகா', ஒரே பதவியில் உடன் அமர்த்தப்பட்டவர். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் கொலீக் ஆனது. கொல்லேகாக்கள் சேர்ந்த குழு 'கொல்லேகியம்', அதுதான் காலேஜ். இந்த இரண்டையும் பிரிக்காதீர்கள்.

கலெக்ட்டின் அடி 'லெகெரெ', பொறுக்கிச் சேர்ப்பது. தனிக் கிளை போடுங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் ரோமன் எழுத்து. அதில் எகர ஏகாரம் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நல்ல லத்தீன் அகராதி நெடிலுக்கு மேல்கோடு போட்டிருக்கும். வினையின் அடிவடிவில் அதைப் பார்த்துவிட்டு அட்டவணையில் லெ, லே என்று தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

இன்னொருவர்:
அகராதியில் லீக் இரண்டு தலைப்பாக இருக்கும். தூர அளவைக் குறிப்பது 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் கெல்ட்டியச் சொல்லிலிருந்து லத்தீனுக்கு வந்தது. தவறுதலாக அதை அட்டவணையில் சேர்த்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. கொலீக்குக்கு 'கூடி உழைப்பவர்' என்று வேர்ப்பொருள் எழுதலாமா?

பதில்:
வேண்டாம். அந்த வேரில் உழைப்பே இல்லை, பதவிதான் இருக்கிறது. பண்டைய ரோமில் ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளர்கள். ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். கி.மு. 59-இல் சீசரின் நிலப்பங்கீட்டுச் சட்டத்தை மும்முரமாக எதிர்த்த பிபுலுஸும் அவருடைய கொல்லேகாதான். உழைப்பு வருவது 'லபோராரெ'விலிருந்து வந்த கொலாபரேட்டில். 'கூடி உழைத்தல்' என்பதை அந்த வரிசையில் எழுதுங்கள். கொலீக்குக்கு 'உடன் பதவி வகிப்பவர்' போதும்.