4 டன் உருளைக்கு (ரோலர்) எந்தக் கிரேன்?

கேள்வி: தென்னாப்பிரிக்கா டர்பன் நகரில், ஜேக்கப்ஸ் பக்கம் பட்டறை. 4 டன் உருளைகளை லாரியிலிருந்து இறக்கி லேத்தில் ஏற்றணும், தினமும் ஆறேழு தடவை. 5 டன் ஓவர்ஹெட் கிரேனா (தலைக்கு மேலே ரெயிலில் ஓடுவது), வாடகை மொபைல் கிரேனா? கூரைத் தூண்கள் பழசு.

பதில் 1: தினசரி வேலைக்கு வாடகை கட்டுப்படியாகாது. சிங்கிள் கர்டர் (ஒற்றை உத்தரம்) ஓவர்ஹெட் கிரேன் போதும். பழைய தூணில் மட்டும் ரெயிலை மாட்டிவிடாதீங்க, பொறியாளர் பார்க்கட்டும். முடியாதென்றால் தனித் தூண். ரெயில்கள் இணையாக இல்லாவிட்டால், அவற்றின் மேல் ஓடும் உத்தரம் கோணி ஓடி, சக்கர விளிம்பு தேயும். ரெயிலடியில் பளபளன்னு இரும்புத்தூள் கொட்டும்.

பதில் 2: மொபைல் கிரேனில் எழுதியிருக்கும் டன் கணக்கை நம்பாதீங்க. அது மிகக் கிட்டத்தில் தூக்கும்போது மட்டும். பூம் (கிரேனின் கை) நீள நீளக் கொள்ளளவு மளமளன்னு இறங்கும். லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணை) உங்கள் தூரத்தைப் பாருங்க. கொக்கி, ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் வார் அல்லது வடம்) எடையும் சுமையில் சேரும்.

பதில் 3: கிரேனைவிட ஸ்லிங்தான் அதிகம் ஏமாற்றும். இரண்டு கால் ஸ்லிங், 4 டன்: கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் ஒரு காலுக்கு 2.3 டன், 45-இல் 2.8, 30-இல் முழு 4 டன். 45-க்குக் கீழே இறங்காதீங்க. கூர் விளிம்பில் மெத்தை வைங்க.

கேட்டவர்: கிரேனுக்குச் சோதனை எப்போ அண்ணே?

பதில் 1: ஓட்டுமுன் சுமைச் சோதனை, பிறகு 12 மாதத்துக்குள் மறுபடி. கடல் காற்றில் கம்பிவடம் உள்ளேயே துருப்பிடிக்கும், கிரீஸ் விடாமல் போடுங்க.